வண்ணப் பட்டையும் வலியும்: இழுபடும் டேப் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சேலம் காந்தி மைதானத்தில் மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் முழங்காலிலும் கெண்டைக்காலிலும் நீலமும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஒட்டியிருக்கும் துணிப் பட்டைகளை இப்போதெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. தொலைக்காட்சியில் ஒலிம்பிக் வீரர்களின் தோளில் மட்டும் கண்டுவந்த அந்தப் பட்டை, மருந்துக் கடைக்கும் இணையக் கடைக்கும் வந்து, இயன்முறை மருத்துவரின் மேசை இழுப்பறையில் இடம்பிடித்து, தோள் வலியோடு வரும் நெசவாளருக்கும் முழங்கால் வலியோடு வரும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒட்டப்படும் நிலையை அடைந்திருக்கிறது. கினிசியோ டேப் என்றும், நிறத்தை வைத்துக் கலர் டேப் என்றும் அழைக்கப்படும் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. ஒட்டிய மறுநாளே ஓடத் தொடங்கிவிட்டேன் என்பது ஒன்று. வெறும் ஸ்டிக்கர், காசுக்குக் கேடு என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரே பொருள் இப்படி இருவேறு அனுபவங்களைத் தருவதற்கு உடலியல் சார்ந்த காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால், எந்த வலிக்கு இதை ஒட்டிப் பார்ப்பது பொருந்தும், எந்த வலிக்கு ஒட்டுவது நாளைக் கடத்துவதாகும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பருத்தித் துணியில் இழுபடும் இழை சேர்த்து நெய்யப்படுவது இந்த டேப். அதன் ஒரு பக்கத்தில் அக்ரிலிக் பசை அலை அலையான கோடுகளாகப் பூசப்பட்டிருக்கும். கோடுகளுக்கு நடுவே விடப்பட்ட வெளி வழியாக வியர்வை ஆவியாகும். உடற்சூடு பட்டால் பசை இறுகப் பிடிக்கும். பெரும்பாலான தயாரிப்புகளில் ரப்பர் பால் சேர்க்கப்படுவதில்லை. வழக்கமான சுருள் 5 சென்டிமீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. நீளவாக்கில் தன் இயல்பான அளவைவிட 40 விழுக்காடு வரையோ அதற்குச் சற்று மேலுமோ இழுபடும், அகலவாக்கில் இழுபடாது. காகிதத்தின் மேல் ஒட்டப்படும்போதே சுமார் 10 முதல் 15 விழுக்காடு இழுத்த நிலையில்தான் அது இருக்கும். வலி நிவாரணப் பிளாஸ்டரைப் போல இதற்குள்ளும் மருந்து இருக்கிறது என்று நம்பி வாங்குவோர் பலர். இதில் எந்த மருந்தும் இல்லை. துணி, பசை, இழுவிசை ஆகிய மூன்றும்தான் இதன் சரக்கு.

விளையாட்டுத் திடல்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த வெள்ளை நிறத் துத்தநாக ஆக்சைடு டேப்பிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். வெள்ளை டேப் இழுபடாது. மூட்டைச் சுற்றி வரிந்து ஒட்டினால் அது குறிப்பிட்ட அசைவைத் தடுத்து நிறுத்தும். கணுக்கால் பிசகிய கபடி வீரருக்கு அந்தத் தடைதான் தேவை. ஆனால் அந்தத் தடையே மற்ற நேரங்களில் தொந்தரவாகவும் மாறும். அமெரிக்காவில், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சீராக்கும் முறையான கைரோபிராக்டிக் படித்துத் திரும்பிய ஜப்பானியரான கென்ஸோ காஸே, அசைவைத் தடுக்காமல் தோலோடு சேர்ந்து நீளும் டேப் ஒன்று வேண்டும் என்று எண்ணி, 1970களில் இதை உருவாக்கினார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானிய வீரர்கள் இதை ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். உலகம் கவனித்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது தயாரிப்பு நிறுவனம் 58 நாடுகளின் அணிகளுக்கு 50,000 சுருள்களை இலவசமாக வழங்கியது. அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்புப் பட்டையோடு தங்கம் வென்ற காட்சி எல்லாத் திரைகளிலும் ஓடியது. 2012 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி நின்ற இத்தாலியின் பலோடெல்லியின் முதுகில் நீலப் பட்டைகள் தெரிந்தன. ஆய்வுகள் முதிர்வதற்கு முன்பே விளம்பரம் முதிர்ந்துவிட்டது என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஒரு வீரர் டேப் ஒட்டியதால் வென்றாரா, வெல்லக்கூடிய வீரரிடம் டேப் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்குத் தொலைக்காட்சி விடை சொல்லாது.

டேப்பின் பெயரால் சொல்லப்பட்டு வரும் உரிமைக்கூற்றுகள் நான்கைந்து. இழுத்து ஒட்டப்பட்ட பட்டை மீண்டும் சுருங்கும்போது தோல் சிறு சிறு மடிப்புகளாக உயர்கிறது, அதனால் தோலுக்கும் அடியிலுள்ள திசுவுக்கும் இடையே இடம் உண்டாகி ரத்தமும் நிணநீரும் தடையின்றி ஓடுகின்றன, வீக்கமும் வலியும் குறைகின்றன என்பது முதலாவது. தசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் நோக்கி ஒட்டினால் தசை ஊக்கம் பெறும், எதிர்த்திசையில் ஒட்டினால் தளரும் என்பது இரண்டாவது. விலகிய மூட்டை அதன் இடத்துக்கு இழுத்து நிறுத்தும் என்பது மூன்றாவது. இவற்றோடு, சிவப்பு சூடு தரும், நீலம் குளிர்ச்சி தரும் என்று நிறத்துக்கும் குணம் கற்பிப்போர் உண்டு. நிறத்தைப் பற்றிய பேச்சை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அது சாயம் மட்டுமே.

தோல் மடிப்புக் கருத்தைப் பரிசோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மடிப்பு உண்டாகுமாறு இழுத்து ஒட்டப்பட்டவர்களையும் இழுக்காமல் தட்டையாக ஒட்டப்பட்டவர்களையும் ஒப்பிட்டால் போதும். பிரேசிலில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 148 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரங்கள் கழித்து இரு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் மேம்பட்டிருந்தது. ஆனால் இரு பிரிவினருக்கும் இடையே வலியிலும் செயல்திறனிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மடிப்புதான் வேலை செய்கிறது என்றால் மடிப்பில்லாதவர்கள் பின்தங்கியிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. இந்த டேப்பைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகளில் என் பார்வையில் மிகவும் பயனுள்ளது இதுதான், ஏனெனில் டேப் உதவுகிறதா என்பதோடு நிற்காமல், எதனால் உதவுவதாகச் சொல்லப்படுகிறதோ அந்தக் காரணத்தையே அது நேராகத் தொட்டுக் கேட்டது.

தசைக்கு வலு கூட்டும் என்ற கூற்றின் கதையும் இதைப் போன்றதே. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஒரு டேப் இருப்பதையே அறியாத, உடல்நலமுள்ள 30 பேரைத் தேர்ந்தெடுத்து, தசையின் இயக்கத்தை அளக்கும் கருவியை ஒட்டுகிறோம் என்று சொல்லித் தொடையில் டேப் ஒட்டினார்கள். முறையாக ஒட்டியபோதும், போலியாக ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் முழங்காலை நீட்டும் தசையின் வலு ஒன்றாகவே இருந்தது. எதற்காக ஒட்டப்படுகிறது என்பது தெரியாதபோது வலுவில் ஒரு மாற்றமும் இல்லை என்னும் இந்த முடிவு, தெரிந்து ஒட்டிக்கொண்டவர்கள் உணர்ந்த புதுத்தெம்பு எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதையும் காட்டுகிறது.

தோள் வலியில் நிலைமை சற்றுச் சிக்கலானது. 2008இல் தோள் வலியுள்ள 42 கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், டேப் ஒட்டிய உடனேயே கையை வலியில்லாமல் பக்கவாட்டில் உயர்த்தும் அளவு ஏறத்தாழ 17 பாகை (டிகிரி) கூடியது. இது அலட்சியப்படுத்தும் அளவன்று. தலைக்கு மேலிருக்கும் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலான தூரம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த சில நாள்களில் உண்மையான டேப் ஒட்டியவர்களுக்கும் போலி டேப் ஒட்டியவர்களுக்கும் இடையே வலியிலோ செயல்திறனிலோ வேறுபாடு தென்படவில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களின் நோய்க்கு இந்த டேப்பைப் பயன்படுத்திய 23 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,054 பேரின் முடிவுகளையும் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் மதிப்பாய்வு 2021இல் வெளியானது. போலி டேப்போடும் பிற சிகிச்சைகளோடும் ஒப்பிட்டால் இதன் பயன் உறுதியற்றது, கிடைக்கும் சான்றுகளின் நம்பகத்தன்மை மிகக் குறைவு என்பதே அதன் முடிவு. பயனில்லை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பயன் உண்டு என்று அடித்துச் சொல்லும் தகுதி இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை என்பதே பொருள்.

அப்படியானால் ஒட்டியதும் வலி குறைந்ததாகச் சொல்பவர்களுக்கு என்ன நடக்கிறது? முழங்காலை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே கை அங்கே போய்த் தேய்க்கிறது. தேய்த்தால் வலி சற்றே அடங்குகிறது. தோலிலுள்ள தொடுவுணர்வு நரம்புகள் எழுப்பும் செய்திகள் தண்டுவடத்தில் வலிச் செய்திகளை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன என்று ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் விளக்கினார்கள். இதன் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டிருந்தாலும், அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. அசையும்போதெல்லாம் தோலை மெல்ல இழுக்கும் டேப், விடாமல் தேய்க்கும் கையின் வேலையைச் செய்கிறது என்று கொள்ள இடமுண்டு. அது மட்டுமன்று. வலிக்குமோ என்ற அச்சத்தில் இறுக்கி வைத்திருந்த மூட்டை, ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்கிறது என்ற உணர்வில் மனிதர் துணிந்து அசைக்கிறார். அசைத்த பிறகு பெரிதாக ஒன்றும் நேரவில்லை என்பதை மூளை கற்றுக்கொள்கிறது. கூன்போட்டு அமரும்போது முதுகில் ஒட்டிய பட்டை சற்றே இழுபட்டு, நிமிர்ந்து உட்கார் என்று நினைவூட்டுவதும் உண்டு.

இன்னொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமை பெறாது. புதிதாக வந்த இடுப்பு வலியும் சுளுக்கும் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிபவை. வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர்கள் சிகிச்சை தேடிப் போகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் வலி குறைந்தால், அன்று செய்துகொண்டது எதுவோ அதற்கே புகழ் சேர்கிறது. டேப்புக்குச் சேரும் புகழிலும், சுளுக்கு வழிப்பவரின் கைராசிக்குச் சேரும் புகழிலும், மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போடும் பற்றுக்குச் சேரும் புகழிலும் இந்த இயல்பான குணமடைதலின் பங்கு கணிசமானது. நவீனமானது என்பதற்காக டேப்புக்கு இந்த விதியிலிருந்து விலக்குத் தர முடியாது.

இத்தனைக்குப் பிறகும் டேப்பை முற்றாக ஒதுக்கிவிடச் சொல்வது நேர்மையாகாது, ஏனெனில் சில இடங்களில் மருத்துவ வழிகாட்டு நெறிகளே அதற்கு இடம் தருகின்றன. முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலிக்கு, இன்னாருக்கு இன்ன விதம் என்று பார்த்துச் செய்யும் டேப்பை உடற்பயிற்சியோடு சேர்த்து முதல் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்தலாம் என்று 2019இல் வெளியான இயன்முறை மருத்துவ வழிகாட்டு நெறி கூறுகிறது; தசையின் செயலை ஊக்குவிப்பதற்காக ஒட்டுவதை அதே நெறி பரிந்துரைக்கவில்லை. இத்துறையில் சில்லை இழுபடாத டேப்பால் உள்பக்கமாகச் சாய்த்து ஒட்டும் முறையை 1980களில் பரப்பியவர் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல். மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை, முழங்காலுக்கும் கட்டைவிரலின் அடிமூட்டுக்கும் இழுபடும் டேப்பை நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு நெறி. அதே நெறி உடற்பயிற்சியையும், எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. நிபந்தனையுடன், வலுவாக என்னும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவை விற்பனைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

நிணநீர் வீக்கத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கையில் வரும் வீக்கத்துக்கு விசிறி வடிவில் டேப் ஒட்டும் வழக்கம் உண்டு. அதை ஏற்றுக்கொள்ளப்பட்ட அழுத்தக் கட்டுக்கு மாற்றாகக் கொள்ளத் தக்க சான்று இல்லை. எனவே வெயிலில் அழுத்தக் கட்டு புழுங்குகிறது என்று அதைக் கழற்றிவிட்டு டேப்புக்கு மாறுவது, மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாத மாற்றம்.

இனி நம் ஊர் உடம்புகளுக்கு வருவோம். சேலத்தின் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளில் குழித்தறியில் உட்காரும் நெசவாளரின் உழைப்பைக் கவனித்தால், வலி எங்கே சேரும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை வெடுக்கென்று இழுக்க, மறு கை ஊடையை நெருக்கி அடிக்க, இரு கால்களும் குழிக்குள் மாறி மாறி மிதிக்க, இடுப்பு மட்டும் பல மணி நேரம் முன்வளைந்தபடியே இருக்கிறது. தோள் மூட்டை நிலைநிறுத்தும் சிறு தசைகளின் தசைநாண்கள் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை தாங்குகின்றன. ஆறுவதற்கு நேரம் கிடைக்காத தசைநாண் மெல்ல மெல்லத் தளர்ந்து வலிக்கத் தொடங்குகிறது. இந்த வலியில் டேப்பால் கிடைக்கக்கூடியது, மேலே சொன்ன அந்தப் பதினேழு பாகை போன்ற உடனடிச் சலுகைதான். அந்தச் சலுகையைக் கொண்டு அன்றைய தறி வேலையை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டினால், தசைநாணின் சுமை கூடும், நோய் முற்றும். அதே சலுகையைக் கொண்டு, வலியால் செய்ய முடியாமல் இருந்த தோள் பயிற்சியைச் செய்தால், தசைநாண் படிப்படியாகச் சுமை தாங்கப் பழகும். டேப் ஒன்றுதான், அது திறந்துவிடும் நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் விளைவு இரண்டாகப் பிரிகிறது. கூலி துண்டுக் கணக்கில் வரும் வீட்டில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அறியாதவர்கள்தான், பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்வோரின் கதை வேறு. அவர்கள் தலையைக் குனிந்து, கண்ணை மணியளவு வெள்ளியில் நிறுத்தி, கையை அசையாமல் பிடித்துப் பற்றவைக்கிறார்கள். இங்கே நோய் தேய்மானத்தால் வருவது குறைவு. அசையாமையால் வருவது மிகுதி. கழுத்திலும் தோள்பட்டையின் மேற்பகுதியிலும் இறுக்கம் பிடித்து, சில வேளை கைவரை எரிச்சல் இறங்கும். கழுத்தில் ஒட்டிய பட்டை, நினைவூட்டல் என்ற அளவில் ஒரு வாரம் உதவக்கூடும். அதற்கு மேல் அதன் இழுப்பு பழகிப்போய் உணர்வில் தங்காது. வேலைப் பலகையை நான்கு விரற்கடை உயர்த்துவதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் தோளையும் சுழற்றுவதும் காசு கேட்காத மாற்றங்கள். கைக்கு இறங்கும் மரமரப்போ வலுக்குறைவோ இருந்தால் கழுத்து எலும்புகளுக்கு இடையே நரம்பு நெருக்கப்படுகிறதா என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே டேப்புக்கு வேலையே இல்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கதை மீண்டும் மாறுகிறது. ஏறுவது மூச்சுக்குச் சிரமம், இறங்குவது முழங்காலுக்குச் சிரமம் என்பது அங்கு நடப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். காரணம் தொடையின் முன்தசை. ஏறும்போது அது சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. நீண்டபடி சுமை தாங்கும் வேலை தசை இழைகளில் நுண்ணிய சிதைவை உண்டாக்கும். அதனால்தான் பழக்கமில்லாதவர்களுக்கு வலி அன்று வராமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிறது. முழங்கால் மடங்கிய நிலையில் எடை தாங்கும்போது சில்லு தொடை எலும்போடு அழுந்தும் விசையும் கூடுகிறது. விடுமுறைக்கு வந்து ஒரு நாள் மலை நடை நடந்தவருக்கு வரும் தொடை வலி மூன்று நான்கு நாளில் தானே போய்விடும்; அதற்காகச் சுருள் வாங்க வேண்டியதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு வரும் சில்லு வலி வேறு. வழிகாட்டு நெறிகள் டேப்புக்கு இடம் தரும் சூழல்களில் இது ஒன்று: முதல் சில வாரங்களில் பட்டையின் துணையோடு படி ஏறி இறங்கும் பயிற்சி, தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டல், பிறகு பட்டையில்லாமல் தொடர்தல். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்து ஏறும் சைக்கிள்காரர்களும் இதே சில்லு வலியோடு வருவதுண்டு. அவர்களுக்கு டேப்புக்கு முன்னால் இருக்கையின் உயரத்தைச் சரிபார்ப்பது நல்லது, ஏனெனில் தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அதிகம் மடங்கி அழுத்தம் கூடுகிறது.

விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கணுக்கால் பிசகி வீங்கி, நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முழங்கால் திடீரென்று மடங்கி விடுகிறது, பூட்டிக்கொள்கிறது என்றால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். கிழிந்ததை எந்தப் பட்டையும் ஒட்டவைக்காது. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் போன நடராஜன், 2021இல் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகே பந்துவீச்சுக்குத் திரும்பினார். ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் பிசகாமல் காக்க வேண்டுமானால், ஒற்றைக் காலில் சமநிலை பழகுவதற்கும், இழுபடாத டேப்புக்கோ கணுக்கால் உறைக்கோ உள்ள சான்றுகள் இழுபடும் டேப்புக்கு உள்ளவற்றைவிடத் தெளிவானவை.

ஒட்டும் முறை பற்றிக் காணொளிகளில் எண்ணற்ற வடிவங்களைக் காட்டுகிறார்கள். எந்தத் திசை என்பது முடிவை மாற்றுவதாகச் சான்று இல்லாத நிலையில், தோலைப் புண்ணாக்காமல் ஒட்டுவதே முதன்மையான திறமை. தோலைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். தைலமோ விளக்கெண்ணெயோ தடவிய இடத்தில் பசை பிடிக்காது. சுளுக்கு வழித்துவிட்டு நேராக இயன்முறை மருத்துவரிடம் வருபவருக்கு ஒட்டிய டேப் வாசலைத் தாண்டுவதற்குள் உரிவது இதனால்தான். அடர்ந்த முடி இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். சவரம் செய்த உடனே ஒட்டினால் எரியும். பட்டையின் முனைகளை வட்டமாக வெட்டினால் ஆடையில் சிக்கி உரியாது. இரு முனைகளிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தைச் சிறிதும் இழுக்காமல் ஒட்ட வேண்டும். முனையை இழுத்து ஒட்டுவதுதான் கொப்புளத்துக்கு முதற்காரணம். நடுப்பகுதிக்கு மிதமான இழுப்பே போதும். ஒட்டியதும் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றி, வேலைக்கோ விளையாட்டுக்கோ போவதற்கு முன் சிறிது நேரம் விட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் கீழே சேலத்தில் வியர்வையோடு வேலை செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஏற்காட்டின் குளிரில் ஓரளவு பொருந்தும். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல், எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையில் மெல்ல உரிக்க வேண்டும்.

ஒட்டக்கூடாதவர்களின் பட்டியலில் நம் ஊருக்கு முதன்மையானவர்கள் சர்க்கரை நோயாளிகள். பாதத்திலும் காலிலும் உணர்வு குறைந்தவருக்குப் பட்டை இறுக்குவதோ அரிப்பதோ தெரியாது. தோல் கிழிந்தால் ஆறுவதும் தாமதமாகும். தோள் மூட்டு இறுகிப்போகும் நோயும் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. கை தூக்க முடியவில்லை என்று டேப் ஒட்டிக்கொண்டே மாதங்களைக் கடத்தினால் இறுக்கம் கூடும். திறந்த புண், சீழ், சொறி உள்ள இடம், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், முதுமையால் காகிதம்போல் மெலிந்த தோல் ஆகியவற்றின் மேல் ஒட்டக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை கனத்துச் சூடாக வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். டேப்பையும் உருவிவிடுவதையும் மறந்து அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறால் இரு கால்களும் வீங்குவதற்கும் இது தீர்வாகாது. அக்ரிலிக் பசை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். முதல்முறை ஒட்டுபவர் இரண்டு விரல் அகலத் துண்டை முன்கையில் ஒரு நாள் ஒட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். அரித்தாலோ சிவந்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் கட்டுப்போடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியது. புத்தூர் கட்டு என்ற பெயர்ப்பலகை இல்லாத ஊர் குறைவு. கட்டினால் சரியாகும் என்ற அந்த நம்பிக்கைதான் டேப்புக்கும் எளிதாக இடம்விட்டது என்று நினைக்கிறேன். இறுகக் கட்டிய மூங்கில் தப்பையால் ரத்த ஓட்டம் தடைப்படும் ஆபத்தோடு ஒப்பிட்டால் டேப் தீங்கற்றது. ஆனால் தீங்கற்றது என்பது போதுமான தகுதியாகிவிடாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு சுருள், வாரம் இரண்டு முறை ஒட்டும் கூலி என்று சேரும்போது, அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் வேறென்ன கிடைத்திருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தரவும் ஏற்பாடு உண்டு. இங்கு கிடைப்பது நிறமில்லாத சிகிச்சை: எந்த அசைவு வலிக்கிறது என்று பார்த்து, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்று சோதித்து, எட்டுப் பத்து வாரங்கள் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லித் தருவது. அதைப் புகைப்படம் எடுத்துப் பகிர யாருக்கும் தோன்றாது.

டேப் ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டவர், ஒட்டுவதற்கு முன் தமக்கு வலிக்கும் அசைவு எதுவோ அதை ஒருமுறை செய்து, வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இட்டுக்கொள்ளலாம்: ஒரு படி இறங்குவது, கையைப் பக்கவாட்டில் தூக்குவது, குந்தி எழுவது எதுவானாலும் சரி. ஒட்டிய பத்தாவது நிமிடத்தில் அதே அசைவைத் திரும்பச் செய்தால் விடை தெரிந்துவிடும். மதிப்பெண் இரண்டோ மூன்றோ குறைந்திருந்தால், பயிற்சி செய்யும் நாள்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மூன்று நான்கு வாரங்களில் பட்டை இல்லாமலே அதே அசைவைச் செய்யும் இலக்கை வைத்துக்கொள்ளலாம். குறையவில்லையென்றால் நிறத்தை மாற்றியோ, திசையை மாற்றியோ, விலை கூடிய சுருளை வாங்கியோ முயல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் சுருளை அலமாரியில் வைத்துவிட்டு, அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் போகலாம்.